துடுப்பும் உளியும்

ஸ்வீடனைச் சேர்ந்த ஆமோன் அமார்த் இசைக்குழுவின் பன்னிரண்டாவது ஆல்பம் 2022 ஆகஸ்ட் 5ஆம் தேதி வெளிவந்தது. பெயர் 'தி கிரேட் ஹீதன் ஆர்மி'. ஒன்பது பாட்டு, ஏறக்குறைய 43 நிமிடம். ஈப்போவில் வேலை முடிந்து காரை எடுத்தால், செம்மோர் தாண்டி சுங்கை சிப்புட்டில் எங்கள் தாமான் வாசலுக்கு வரும்போது கடைசிப் பாட்டு ஓடிக்கொண்டிருக்கும். அந்தச் சாலையில்தான் இதை முதலில் கேட்டேன். இன்றைக்கும் அங்கேதான் கேட்கிறேன். எனக்கு இந்த ஆல்பம் மனதாரப் பிடித்திருக்கிறது. ஏன் பிடித்தது என்று எழுத உட்கார்ந்தால், ஸ்வீடனில் தொடங்கும் பேச்சு எப்படியும் என் அம்மாவிடம் வந்து சேர்ந்துவிடுகிறது. சேரட்டும். இந்த இசையிடமிருந்து நான் கற்ற பாடம் அங்கேதான் இருக்கிறது.

தமிழில் இந்த இசையைப் பற்றிப் பேச்சு குறைவு என்பதால் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஸ்டாக்ஹோமுக்குத் தெற்கே தும்பா என்று ஒரு புறநகர். 1992இல் அங்கே உருவான குழு இது. டோல்கீன் கதையில் வரும் நெருப்பு மலையின் பெயரைத் தங்களுக்கு வைத்துக்கொண்டார்கள். பாடுவதோ தங்கள் மண்ணின் பழங்கதைகளை: ஓடின், தோர், நீண்ட கப்பல்களில் கடல் கடந்த வைகிங்குகள். டெத் மெட்டல் வகை. கித்தார் கம்பிகளை வழக்கமான சுருதியிலிருந்து நன்றாகக் கீழே இறக்கி வைத்திருப்பார்கள். டிரம்ஸ் வாசிப்பவர் இரண்டு காலாலும் மிதிப்பார். பாடகர் ஜோஹான் ஹெக் அடிவயிற்றிலிருந்து உறுமுவார். உறுமினாலும் ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் காதில் விழும். இந்த வகையில் பாடும் பலருக்கு அது கைவராது.

இந்தக் குரல் முதன்முதலாக எங்கள் வீட்டில் ஒலித்தபோது நாங்கள் இன்னும் ரப்பர் தோட்டத்தில், தொழிலாளர்களுக்கான லயத்து வீட்டில் இருந்தோம். அண்ணன் சிம்பாங் பூலாய் பக்கம் ஒரு சலவைக்கல் ஆலையில் வேலைக்குச் சேர்ந்திருந்தான். சம்பளம் வாங்கினால் ஈப்போவில் கேசட்டோ சிடியோ வாங்கி வருவான். அவன் வாங்கி வந்ததை அவனைவிட அதிகமாகக் கேட்டது நான். அடுப்படியிலிருந்து வெளியே வந்த அம்மா, "யாருக்குடி சாமி வந்திருக்கு?" என்று கேட்டார். உண்மையான பதற்றத்தோடு கேட்டார். எங்கள் தோட்டத்துக் கோவிலில் மதுரை வீரனுக்கும் முனியாண்டிக்கும் மருள் வரும்போது ஆடுபவரின் தொண்டையிலிருந்து வருகிற குரல் அப்படித்தான் இருக்கும். அந்தக் குரலை மதிக்க வேண்டும் என்று கற்றுக்கொடுத்து வளர்த்தவர் அம்மா.

அம்மாவின் காது சரியாகத்தான் பிடித்தது. உறுமி மேளத்தைப் பக்கத்தில் நின்று கேட்டவர்களுக்கு இது புரியும். உறுமியின் ஒரு முகத்தைக் குச்சியால் தட்டுவார்கள். இன்னொரு முகத்தை வளைந்த குச்சியால் அழுத்தித் தேய்ப்பார்கள். தோல் அழுவதும் உறுமுவதுமாக ஒரு ஒலி எழும். மேளம் அடிப்பவர் தேய்க்கும் கையை இழுத்துப் பிடிக்கும்போது, அந்த ஒலி நம் நெஞ்செலும்புக்குள் போய் நிற்கும். ஹெக் ஒரு சொல்லை நீட்டும்போது எனக்கு அதே இடத்தில்தான் அதிர்கிறது. ஆகவே இந்த இசை எனக்கு அந்நியமாக வந்து சேரவில்லை. பேராக்கில் தைப்பூசத்துக்கும் தீமிதிக்கும் போய் வளர்ந்த எந்தப் பிள்ளைக்கும் இது பாதி தெரிந்த இசை.

ஆனால் காலம் சரியில்லை. 2001இல் கெடாவில் 'பிளாக் மெட்டல்' கேட்கிறார்கள் என்று பள்ளி மாணவர்களைச் சோதித்தார்கள். அதே ஆண்டு மெகாடெத் என்ற மெட்டல் குழு மலேசியாவில் நிகழ்ச்சி நடத்த முடியாமல் போனது. 2005 டிசம்பர் 31 இரவு கோலாலம்பூரில், பழைய கிள்ளான் சாலையில் நடந்த ஓர் இசை நிகழ்ச்சியில் புகுந்த போலீஸ் முன்னூற்றுக்கும் மேற்பட்ட இளைஞர்களைத் தடுத்து வைத்தது. 2006இல் தேசிய ஃபத்வா மன்றம் பிளாக் மெட்டலை முஸ்லிம்களுக்கு விலக்கப்பட்டதாக அறிவித்தது. டெத் மெட்டல் வேறு, பிளாக் மெட்டல் வேறு என்று யாரிடம் போய் விளக்குவது? கறுப்புச் சட்டையும் நீள முடியும் போதும், சந்தேகப்படுவதற்கு. தமிழ்ப் பையன் என்றால் அதோடு குண்டர் கும்பல் என்ற சந்தேகமும் சேர்ந்துகொள்ளும். அண்ணன் தன் சட்டைகளை அரிசி டின்னுக்குப் பின்னால் மடித்து வைத்திருந்தான். கல் தூசி படிந்த கைகளோடு வீட்டுக்கு வந்து, குளித்து, ஒலியைக் குறைத்து வைத்துப் பாட்டுக் கேட்கும் ஒருவனைச் சமூகத்துக்கு ஆபத்து என்று பார்த்த நாட்களை நான் மறக்கவில்லை.

இன்னொரு கேள்வியும் எனக்குள் இருந்தது. ஓடின், தோர் சின்னங்களை வெள்ளை இனவெறியர்கள் எடுத்துப் பயன்படுத்துகிறார்கள். நார்வேயில் 1992 வாக்கில் தேவாலயங்களுக்குத் தீ வைத்தவர்கள் இதே இசையின் பக்கத்து வீட்டுக்காரர்கள். அப்படியானால் ரப்பர் தோட்டத்தில் பிறந்த கறுத்த பெண்ணுக்கு இங்கே என்ன வேலை? இதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆமோன் அமார்த் பாட்டுகளை அந்தக் கண்ணோடும் கேட்டுப் பார்த்தேன். அவர்கள் கதைதான் சொல்கிறார்கள். எங்கள் கூத்தில் வீரன் கதை சொல்வதுபோல, பிடித்த யாரும் வந்து உட்கார்ந்து கேட்கலாம் என்கிற தோரணையில் சொல்கிறார்கள். நான் உட்கார்ந்தேன். இன்றுவரை எழுந்திருக்கவில்லை.

ஆல்பத்துக்கு வருகிறேன். இதற்கு மூன்று வருடத்துக்கு முன் வந்த 'பெர்செர்க்கர்' ஆல்பத்தைத் தயாரித்தவர் ஜே ரஸ்டன். அதன் ஒலி பளிச்சென்று துடைத்து வைத்ததுபோல் இருக்கும். இந்த முறை ஆண்டி ஸ்னீப் திரும்பி வந்திருக்கிறார். 2013, 2016 ஆல்பங்களில் இவர்களோடு வேலை செய்தவர். அவர் கை பட்டது முதல் பாட்டான 'கெட் இன் தி ரிங்' தொடங்கும்போதே தெரிகிறது. கித்தாருக்கு எடை கூடியிருக்கிறது. டிரம்ஸ் பக்கத்து அறையில் கேட்காமல் நம் முதுகுக்குப் பின்னால் கேட்கிறது. தலைப்புப் பாட்டு ஒவ்வொரு அடியையும் ஊன்றி வைத்து நடக்கிறது. ஒரு படை கரை இறங்குவதைப் பாடும் பாட்டு அப்படித்தான் நடக்க வேண்டும். செம்மோர் பக்கம் சுண்ணாம்புக் குன்றுகள் சாலையை நெருங்கி வரும் இடத்தில் அது ஒலிக்கும்போது, எனக்கு ஸ்டியரிங்கை இறுகப் பிடித்துக்கொள்ளத் தோன்றும்.

'சாக்ஸன்ஸ் அண்ட் வைகிங்ஸ்' பாட்டுக்கு விருந்தினராக வந்திருப்பவர் பிஃப் பைஃபோர்ட். 'சாக்ஸன்' என்ற ஆங்கிலேய ஹெவி மெட்டல் குழுவின் பாடகர். அதே குழுவின் கித்தார் கலைஞர்கள் பால் குவின், டக் ஸ்காரட் இருவரும் வந்து வாசித்திருக்கிறார்கள். சாக்ஸன் தரப்புக்குப் பைஃபோர்டின் தெளிந்த உயர்ந்த குரல், வைகிங் தரப்புக்கு ஹெக்கின் உறுமல். இரண்டு படைகள் எதிரெதிரே நின்று சவால் விடுகின்றன. நான் கேட்கும்போதெல்லாம் சிலிர்ப்பது வேறொரு காரணத்துக்காக. சாக்ஸன் குழு உருவான ஊர் இங்கிலாந்தின் யார்க்ஷயரில் இருக்கும் பார்ன்ஸ்லி. வைகிங் படை பிடித்து ஆண்ட நிலம் அது. ஆயிரத்து நூறு ஆண்டுக்கு மேல் ஆன பகையை, வென்ற தரப்பைப் பாடுபவரும் தோற்ற தரப்பைப் பாடுபவரும் ஒரே ஒலிப்பதிவில் சேர்ந்து பாடி இசையாக்கிவிட்டார்கள். பழைய காயத்தை மறைக்காமலே அதைச் செய்ய முடிகிறது என்பது எனக்குப் பெரிய விஷயம்.

'ஹெய்ட்ரூன்' என்ற பாட்டு ஓர் ஆட்டைப் பற்றியது. ஓடினின் மாளிகையான வல்ஹல்லாவின் கூரைமேல் நிற்கும் பெண் ஆடு. ஒரு மரத்தின் இலையைத் தின்று, மடியிலிருந்து தேன்மதுவைச் சுரக்கும். போரில் இறந்த வீரர்கள் எல்லோருக்கும் போதுமான அளவு தினமும் சுரந்துகொண்டே இருக்கும். சண்டைப் பாட்டுகளுக்கு நடுவே இந்த ஆட்டுக்கு ஒரு பாட்டு ஒதுக்கியதற்காகவே நான் இவர்களைக் கொண்டாடுவேன். மாளிகையில் அத்தனை வீரர்கள் உட்கார்ந்து குடிக்கிறார்கள் என்றால், கூரைமேல் ஒரு ஜீவன் ஓயாமல் இலை மென்றுகொண்டு நிற்கிறது. அதை நினைக்க ஒரு கதை சொல்லிக்கு மனம் இருந்திருக்கிறது.

'எல்லா ஆல்பமும் ஒரே மாதிரி இருக்கிறது' என்று இவர்கள்மேல் ரசிகர்களே குறை சொல்வதுண்டு. எனக்கு அந்தக் குறை இல்லை. முப்பது வருடமாக ஒருவர் தன் குலத்தின் கதையையே திரும்பத் திரும்பப் பாடுகிறார் என்றால், அவருக்கு அது தீரவில்லை என்று அர்த்தம். எனக்கும் தீரவில்லை. நான் தேடியது புதுமையை அல்ல. அந்தக் கதை எங்கே போய் முடிகிறது என்று தெரிந்துகொள்ள விரும்பினேன். அந்த விருப்பத்தை எனக்குள் போட்டவர் அம்மா.

ஈப்போவில் மருந்து வாங்கிக்கொண்டு அம்மாவோடு திரும்பிக்கொண்டிருந்த ஒரு மாலை அது. தலைப்புப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அம்மா காரின் ஒலியைக் குறைக்கச் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "என்ன கோவம் இவனுக்கு?" என்றார்.

"கோவம் இல்லம்மா. இவங்க முன்னோருங்க கப்பல்ல போயி இன்னொரு நாட்டப் புடிச்சாங்க. அந்தக் கதையப் பாடுறாங்க."

"புடிச்சாங்களா?"

"பாதி நாட்டப் புடிச்சாங்க."

"சரி. புடிச்ச பெறகு சாப்பாட்டுக்கு என்ன செஞ்சாங்க?"

என்னிடம் பதில் இல்லை. கதையை விரும்பிக் கேட்ட இத்தனை வருடத்தில் நான் அதைக் கேட்டதே இல்லை. தினக்கூலிக்குப் போன ஒருவரின் வாயிலிருந்துதான் அந்தக் கேள்வி வரும். மழை பெய்தால் பால் வெட்டு இல்லை, வெட்டு இல்லையென்றால் சம்பளம் இல்லை என்ற கணக்கில் வாழ்ந்தவர் என் அம்மா. ஒரு கதையில் படை ஜெயித்ததா தோற்றதா என்பதோடு அவருக்கு வேலை முடியாது. மறுநாள் உலை எப்படி வைத்தார்கள் என்பது தெரிய வேண்டும்.

வீட்டுக்கு வந்து படிக்க ஆரம்பித்தேன். ஆல்பத்தின் தலைப்பில் இருக்கும் அந்த வைகிங் படை 865இல் இங்கிலாந்தின் கிழக்குக் கரையில் இறங்கியது. 866இல் யார்க் நகரைப் பிடித்தது. 869இல் கிழக்கு ஆங்கிலியாவின் மன்னர் எட்மண்ட் கொல்லப்பட்டார். 873 குளிர்காலத்தில் ரெப்டன் என்ற ஊரில் படை தங்கியது. அங்கே 1970களிலும் 80களிலும் நடந்த அகழாய்வில் குறைந்தது 264 பேரின் எலும்புகள் ஒரே இடத்தில் குவிந்து கிடந்தன. ஆண், பெண் என்று பிரித்துப் பார்க்க முடிந்த எலும்புகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்று பெண்களுடையது. அதைப் படித்த இடத்தில் நான் சிறிது நின்றேன். ஆல்பத்தில் கேட்ட அந்தப் பெரும் படையின் நடையில் பெண்களின் காலடியும் இருந்திருக்கிறது. சமையல், துணி, காயம்பட்டவர், குழந்தை என்று யார் எதைச் சுமந்தார்கள் என்று எந்தப் பாட்டும் சொல்லவில்லை.

அடுத்து வந்தது அம்மாவின் கேள்விக்கான பதில். ஆங்கிலோ-சாக்ஸன் காலவரிசை ஏட்டில் 876ஆம் ஆண்டுக்கு ஒரு குறிப்பு இருக்கிறது. படைத்தலைவன் ஹால்ஃப்டான் நார்தம்பிரியாவின் நிலத்தைத் தன் ஆட்களுக்குப் பங்கிட்டுக் கொடுத்தான், அவர்கள் ஏர் உழுது பிழைக்கத் தொடங்கினார்கள் என்ற செய்தி. 877இல் மெர்சியாவிலும், 880இல் கிழக்கு ஆங்கிலியாவிலும் இதேபோல் நிலம் பங்கிடப்பட்டது. பத்து வருடத்துக்கு மேல் ஒரு நாட்டையே நடுங்க வைத்த படையின் கதை வயல்காட்டில் போய்ச் சேர்ந்திருக்கிறது. வாளைக் கீழே வைத்தவன் ஏரைப் பிடித்தான். அம்மாவிடம் சொன்னேன். "பெறகென்ன, மனுசன்தானே" என்றார். அதைக் கேட்ட பிறகு அவருக்கு வைகிங்குகள்மேல் ஒரு மரியாதையே வந்துவிட்டது.

ஆல்பத்தில் இந்த 876 இல்லை. படை வருகிறது, மோதுகிறது, தெய்வங்களை அழைக்கிறது. உழுகிற இடத்துக்கு வரவில்லை. ஆனால் ஆமோன் அமார்த் உழைப்பை அறியாதவர்கள் என்று சொல்ல மாட்டேன். அதே 2022இல், ஆல்பத்தில் சேராத தனிப்பாட்டாகத் துடுப்பு வலிக்கும் பாட்டு ஒன்றை வெளியிட்டார்கள். இவர்களின் மேடை நிகழ்ச்சிகளில் ஒரு வழக்கம் உண்டு. ஆயிரக்கணக்கான ரசிகர்கள் தரையில் வரிசையாக உட்கார்ந்து, தாளத்துக்கு ஏற்ப எல்லோருமாகத் துடுப்பு வலிப்பதுபோல் முன்னும் பின்னும் அசைவார்கள். காணொளியில் அதைப் பார்க்கும்போது எனக்குக் கண் கலங்கும். அத்தனை வீரக் கதைகளில் கூட்டம் தானாக எடுத்து நடிப்பது வாள் வீச்சை அல்ல, ஓடக்காரனின் உழைப்பை. வைகிங் கப்பல் வீரத்தால் மட்டும் கடல் கடக்கவில்லை. யாரோ பல நாள் முதுகு வலிக்க வலித்திருக்கிறார்கள்.

இங்கேதான் என் ஏக்கம் மெல்ல இடம் மாறியது. இளம் வயதிலிருந்து இந்தப் பாட்டுகளைக் கேட்கும்போதெல்லாம் என்னுள் ஓர் ஏக்கம் இருந்தது. அவர்களுக்குக் கப்பல் இருக்கிறது, வாள் இருக்கிறது, பாடப் பேர் இருக்கிறது. எங்களுக்கு? எங்கள் முன்னோரும் கப்பலில்தான் வந்தார்கள், கங்காணிக்குப் பின்னால், கீழ்த்தட்டில். அதை எந்தச் சுருதியில் பாடுவது?

தமிழர் இந்த இசைக்கு வராமல் இல்லை. ஆமோன் அமார்த் தொடங்கிய அதே 1992இல் சிங்கப்பூரில் 'ருத்ரா' தொடங்கியது. பாடுபவரும் பாஸ் கித்தார் வாசிப்பவரும் கதிர், டிரம்ஸ் சிவா. சமஸ்கிருத மந்திரத்தையும் வேதாந்தத்தையும் டெத் மெட்டலுக்குள் கொண்டுவந்து, அதற்கு வேதிக் மெட்டல் என்று பெயர் கொடுத்தார்கள். 2003இல் 'குருக்ஷேத்ரா', 2005 முதல் 2011 வரை 'பிரம்மவித்யா' என்று மூன்று ஆல்பம், 2022இலேயே 'எய்ட் மகாவித்யாஸ்'. ஜொகூர் பாலத்துக்கு அந்தப் பக்கம் நம்மவர் இதைச் செய்கிறார்கள் என்பது எனக்கும் அண்ணனுக்கும் தந்த தெம்பு கொஞ்சமல்ல. இந்த ஒலி நம் தெய்வத்தையும் தாங்கும் என்று அவர்கள் காட்டிவிட்டார்கள். லயத்து வீட்டையும் தாங்குமா என்பது என் கேள்வி.

தாங்கும் என்று இப்போது நம்புகிறேன். அம்மா பால் வெட்டியதைச் சிறுமியாகப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். விடியுமுன் எழுந்து, பெரட்டுக்குப் போய்ப் பேர் கொடுத்து, தலையில் விளக்கோடு நிரைக்குள் நுழைவார். முதலில் பழைய வெட்டுக் கோட்டில் காய்ந்து ஒட்டியிருக்கும் ஒட்டுப்பாலை உரித்துப் பைக்குள் போடுவார். பிறகு உளியை மேலே இடப்பக்கம் வைத்து, கீழே வலப்பக்கம் நோக்கிச் சரிவாக இழுத்துக்கொண்டே மரத்தைச் சுற்றி நகர்வார். கை மட்டும் வெட்டாது. இடுப்பும் காலும் சேர்ந்து திரும்பும். நூலளவு பட்டை சுருண்டு விழும். ஆழம் குறைந்தால் பால் வராது. கூடினால் உளி மரத்தைக் காயப்படுத்தும், மேற்பார்க்கும் மண்டோர் திட்டுவார், அந்தப் பட்டை மறுபடி நேராக வளராது. அந்த மயிரிழைக்குள் கையை நிறுத்தி, பால் வடியும் மங்கைத் துடைத்து வைத்து, அடுத்த மரம். வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும் என்பதால் ஓட்டமும் நடையுமாக நானூறு, ஐந்நூறு மரம். பிறகு அத்தனை மரத்துக்கும் திரும்பப் போய்ப் பாலைச் சேர்த்து, வாளியில் சுமந்து ஸ்டோரில் நிறுக்க வேண்டும். அந்தத் தாளத்தை டிரம்ஸில் வாசிக்கச் சொன்னால் நல்ல கலைஞனுக்கே மூச்சு வாங்கும்.

நான் இருக்கும் மண்ணும் சின்ன மண் அல்ல. 1877இல் கோலகங்சாரில் ஹியூ லோ நட்ட ஒன்பது ரப்பர் கன்றுகளில் ஒன்று இன்னும் அங்கே மரமாக நிற்கிறது. எங்கள் ஊரிலிருந்து பக்கம்தான். 1948 ஜூன் 16ஆம் தேதி சுங்கை சிப்புட் தோட்டங்களில் மூன்று வெள்ளைக்கார நிர்வாகிகள் சுட்டுக் கொல்லப்பட்டதோடு மலாயாவில் அவசரகாலம் வந்தது. அதற்கு முன் ஜப்பான் காலத்தில், 1942, 43இல், மலாயாத் தோட்டங்களிலிருந்து பல பத்தாயிரம் தமிழர்களைச் சயாமுக்கு ஏற்றிப் போனார்கள். 415 கிலோமீட்டர் சயாம்-பர்மா ரயில் பாதைக்காகக் காட்டிலும் காலராவிலும் செத்தவர்களுக்குக் கணக்கில்லை. அம்மாவின் பெரியப்பா போனவர், திரும்பவில்லை. எங்கள் குடும்பத்தில் அவருக்குப் படமில்லை, கல்லறையில்லை. ஆடி அமாவாசையில் பேர் சொல்லித் தண்ணீர் விடுவதோடு சரி.

சுதந்திரத்தை ஒட்டி வெள்ளைக்காரர்கள் தோட்டங்களை விற்றுவிட்டுக் கிளம்ப, தோட்டத் துண்டாடல் வந்தது. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வேலையும் வீடும் ஒருசேர இழந்தன. அப்போது சுங்கை சிப்புட்டில் பிறந்த அரசியல் தலைவர் துன் சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். மாதம் பத்து வெள்ளி. ஒரு பால்வெட்டுத் தொழிலாளிக்கு அன்றைக்கு அது வயிற்றைக் கட்டிச் சேர்க்க வேண்டிய பணம். அந்தப் பத்து வெள்ளிகளைச் சேர்த்துத் தோட்டங்களையே விலைக்கு வாங்கினார்கள். என் தாத்தாவின் பங்குப் பத்திரம் எங்கள் பீரோவில் இருக்கிறது. 876இல் ஹால்ஃப்டானின் ஆட்கள் வாளால் பிடித்த நிலத்தை உழத் தொடங்கினார்கள். 1960இல் என் தாத்தா, பிறர் நிலத்தில் உழைத்த கூலியால் நிலத்தில் பங்கு வாங்கினார். இரண்டில் எதற்குப் பெரிய மேளம் கொட்ட வேண்டும் என்று கேட்டால், நான் தயங்காமல் தாத்தாவின் பக்கம் நிற்பேன். இந்த ஆல்பத்தில் 'ஃபைண்ட் எ வே ஆர் மேக் ஒன்' என்ற பாட்டு வரும்போது எனக்கு வைகிங் முகம் தெரிவதில்லை. சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் பத்து வெள்ளியை எடுத்து நீட்டிய ஒரு கை தெரிகிறது.

இவ்வளவும் மனதில் சேர்ந்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை. அம்மாவிடம் தோட்டத்துப் பாட்டுகளைக் கேட்டேன். "அதெல்லாம் ஒரு பாட்டா" என்று முதலில் மறுத்தார். மங்கு துடைக்கும்போது பாடுவீர்களே என்று எடுத்துக்கொடுத்ததும், உட்கார்ந்த இடத்திலேயே வலது கை லேசாக இழுக்கத் தொடங்கிவிட்டது. பாட்டு பின்னால் வந்தது. கங்காணியின் கெடுபிடி ஒரு பாட்டில், கப்பலேறியவள் ஊரில் விட்ட தாயை நினைப்பது ஒன்றில், மழை நாளின் வெறும் பானை இன்னொன்றில். என் கைப்பேசியில் பதிவு செய்தேன். எதிலும் புலம்பல் இல்லை. கேலியும் எதிர்ப்பும் நிறைய இருந்தன. தோட்டத் தொரையின் காதுக்கு எட்டாத தூரத்தில் நிரைக்கு நிரை எடுத்துக்கொடுத்துப் பாடியதாம் அது. எத்தனை வலிமையான குரல்கள், எவ்வளவு தாழ்த்திப் பாட வேண்டியிருந்தது!

அண்ணன் மகன் இங்கே ஓர் உறுமி மேளக் குழுவில் அடிக்கிறான். வார இறுதியில் நண்பர்களோடு சேர்ந்து கித்தாரும் வாசிக்கிறான். பதிவுகளை அவனிடம் கொடுத்தேன். "அத்தை, ஆயா பாடுறதுல தாளம் நிக்காம சுத்துது, இதுக்கு ரெண்டு கால் டிரம்ஸ் சரியா வரும்" என்றான். பெரட்டுக்குத் தட்டிய தண்டவாளத் துண்டின் ஓசையில் தொடங்கி, உறுமி நுழைந்து, அதன்மேல் இறக்கிய சுருதியில் கித்தார் என்று ஒரு பாட்டு உருவாகிக்கொண்டிருக்கிறது. ஒத்திகை அறைக்கு வாடகை நான் கட்டுகிறேன். உறுமுவது அவன் வேலை. பாட்டின் சொற்கள் சரியா என்று பார்ப்பது அம்மாவின் வேலை. மங்கு என்று வர வேண்டிய இடத்தில் அவன் வாளி என்று எழுதிக் கொண்டுவந்தால், திருத்தி எழுதாமல் அவனை எழுந்திருக்க விடமாட்டார்.

ஸ்வீடன்காரர்களுக்கு நான் கடன்பட்டிருக்கிறேன். தன் முன்னோரை இவ்வளவு உரக்கப் பாடலாம், அதற்கு வெட்கப்பட வேண்டியதில்லை என்று எனக்குக் காட்டியவர்கள் அவர்கள். யாரை அப்படிப் பாட வேண்டும் என்பதை அம்மாவின் ஒரு கேள்வி காட்டியது. முன்னோர் வாள் பிடித்திருந்தால்தான் பேரொலிக்கு உரியவர்கள் என்று எந்த விதியும் இல்லை. துடுப்புப் பிடித்தவர்களும் ஏர் பிடித்தவர்களும் உளி பிடித்தவர்களும் அதற்கு உரியவர்கள். எங்கள் தோட்டங்கள் செம்பனையாகவும் தாமானாகவும் மாறிவிட்டன. பால் வெட்டியவர்களுக்கு வயதாகிக்கொண்டிருக்கிறது. உங்கள் வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால் இந்த வாரமே அவர் பக்கத்தில் போய் உட்காருங்கள். என்ன பாடினீர்கள், என்ன சாப்பிட்டீர்கள், யார் திரும்பி வரவில்லை என்று கேளுங்கள், கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். பிறகு உங்கள் பிள்ளைகள் அதை எந்த இசையில் வேண்டுமானாலும், எவ்வளவு சத்தமாக வேண்டுமானாலும் பாடட்டும்.